இடிந்த தேவாலயத்தைச் சுமந்த வெள்ளிக் காசு

பழங்கால யூத வெள்ளிக் காசுகளில் இருக்கும் கிண்ணம், மாதுளை, கோயில் முகப்பு எல்லாம் எதைக் குறிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய நாணயங்கள் மேல் எனக்குப் பல வருடப் பித்து, அதிலும் இவை மேல் தனிப் பிரியம்.

எருசலேமில் இருந்த யூதர்களின் தலைமைக் கோயிலான தேவாலயத்துக்கு யூத ஆண்கள் வருடந்தோறும் அரைச்சேக்கல் வரி கட்ட வேண்டியிருந்தது; சேக்கல் என்பது ஒரு வெள்ளிக் காசு. அதைத் தீரு (டயர்) என்ற துறைமுக நகரத்துக் காசாகத்தான் வாங்கினார்கள், ஏனென்றால் அதில் வெள்ளி சுத்தமாக இருந்தது. ஆனால் அதில் ஒரு பக்கம் மெல்கார்ட் என்ற தீரு நகரத்துத் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. கி.பி. 66-இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்ததும் யூதர்கள் தங்கள் சொந்தச் சேக்கலை அடித்தார்கள். அதில் முகமே கிடையாது. ஒரு பக்கம் தேவாலயத்துப் பாத்திரம் என்று கருதப்படும் கிண்ணம், சுற்றிலும் 'இஸ்ரவேலின் சேக்கல்'. மறுபக்கம் மூன்று மாதுளை மொட்டுகள் உள்ள தண்டு, 'பரிசுத்த எருசலேம்' என்ற எழுத்து. மாதுளை, பிரதான ஆசாரியரின், அதாவது தேவாலயத் தலைமைப் பூசாரியின், அங்கி ஓரத்தில் தொங்கியதாக விவிலியத்திலும் வருகிறது. எழுத்தையும் கவனியுங்கள், அன்றாடம் எழுதிய சதுர எழுத்து இல்லை, பழைய எபிரெய எழுத்தைத் தேடி எடுத்துப் பொறித்திருக்கிறார்கள். கிளர்ச்சியின் ஐந்தாம் ஆண்டுக் காசு மிக அரிது, அந்த ஆண்டில்தான், கி.பி. 70-இல், எருசலேம் விழுந்து தேவாலயமும் எரிந்தது.

சரி, என்னை உலுக்குவது அதற்கு அப்புறம் வந்த காசு. கி.பி. 132-இல் பர் கொக்பா என்ற யூதத் தலைவரின் கீழ் ரோமுக்கு எதிராக மறுபடி கிளர்ச்சி. புது வெள்ளிக்கு எங்கே போவது? கையில் புழங்கிய ரோமக் காசையே எடுத்து, உருக்காமல், அதன் மேலேயே தங்கள் அச்சை வைத்து அடித்தார்கள். பெரிய காசில் நான்கு தூண்களோடு தேவாலய முகப்பு, அறுபது வருடங்களுக்கு முன்பே இடிந்துபோன அதே தேவாலயம். பின்பக்கம் யூதர்களின் கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்தும் பேரீச்ச ஓலைக் கட்டும், எத்ரோக் என்ற எலுமிச்சை வகைப் பழமும். சின்னக் காசுகளில் திராட்சைக் குலை, யாழ், எக்காளங்கள். தேவாலயம் திரும்ப எழும் என்று நம்பியவர்கள் அடித்த காசு என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

இந்தச் சின்னக் காசுகளின் பெரிதாக்கிய படங்களைத் தேடிப் பாருங்கள், சிலவற்றில் அடி சரியாக விழாத இடத்தில் பழைய ரோமப் பேரரசரின் முகத்தின் சுவடும் பெயரின் சில எழுத்துகளும் புது அச்சுக்கு அடியிலிருந்து இன்னும் தெரியும்.