ஆர்.எக்ஸ். 100 வாங்கி வைத்தால் காசாகுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 54. கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. பழைய பைக்கோ காரோ வாங்கிப் போட்டால் ஐந்தே வருடத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று நண்பர்கள் அவரிடம் சொல்கிறார்கள். கோபிசெட்டிபாளையத்தில் 1989 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று 90,000 ரூபாய்க்கு வருகிறதாம். ஆர்.சி. புத்தகம் இறந்துபோன பெரியவர் பெயரில் இருக்கிறது. 2019-க்குப் பிறகு பதிவு புதுப்பிக்கப்படவில்லை. வண்டி மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. வாங்கலாமா, மிச்சப் பணத்துக்கு ஒரு பத்மினி காரும் பார்க்கலாமா, பிறகு விற்றால் லாபத்துக்கு வரி உண்டா என்று கேட்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கார் வேண்டாம். பைக் வாங்கலாம்; ஒன்றே ஒன்று, அதுவும் காகிதங்கள் சரியான பிறகு. ஒரு லட்சத்தையோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ தாண்டி இதில் இறங்காதீர்கள். அந்தப் பணத்தையும் வண்டியை ஓட்டும் ஆசை இருந்தால் மட்டும் போடுங்கள். முப்பது வருடமாகப் பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவன் நான். இந்த வண்டிகள் மீது எனக்கு உயிர். அதனால்தான் கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள். வண்டி 90,000. பல வருடம் நின்ற வண்டி என்பதால் சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), பிஸ்டன், ஆயில் சீல், டயர், பேட்டரி, வயரிங் எல்லாம் மாற்றி ஓட வைக்க 35,000 என்று வையுங்கள். பிறகு இன்சூரன்ஸ், சர்வீஸ், சில்லறைச் செலவு என வருடத்துக்கு 5,000. ஐந்து வருடத்தில் மொத்தம் 1,50,000 போட்டிருப்பீர்கள். போட்ட பணம் திரும்பினால் போதும் என்றாலே ஒன்றரை லட்சத்துக்கு விற்றாக வேண்டும். இதே பணத்தை அந்தந்த நேரத்தில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஐந்தாம் வருட முடிவில் 2 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே வங்கியை ஜெயிக்க உங்கள் ஆர்.எக்ஸ். 2 லட்சத்துக்கு மேல் போக வேண்டும். சுத்தமான, அசல் பாகம் குறையாத வண்டிக்கு அது நடக்கலாம். கொட்டகையில் நின்று பாதி பாகம் தொலைந்த வண்டிக்கு நடக்காது. “50,000-க்கு வாங்கி ஒன்றரை லட்சத்துக்கு விற்றேன்” என்று சொல்கிறவர்களிடம் பட்டறை பில்லையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

விலை ஏன் ஏறுகிறது என்பதும் தெரிய வேண்டும். இருபது வயதில் ஆசைப்பட்டு வாங்க முடியாத வண்டியை ஐம்பது வயதில் கையில் காசு வந்ததும் தேடுகிறார்கள். ஆர்.எக்ஸ். 100 இங்கே விற்பனைக்கு வந்தது 1985-இல், தயாரிப்பு நின்றது 1996-இல். 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. அந்த எடைக்கு அந்த வேகம் அன்றைக்குப் பெரிய விஷயம். அதை ஏக்கத்தோடு பார்த்த தலைமுறைதான் இப்போது வாங்குகிறது. இந்தத் தலைமுறை ஓயும்போது விலையும் ஓயலாம். நிலம்போல, தங்கம்போல நினைத்துப் பேரன் காலத்துக்கு வாங்கிப் போடும் பொருள் இல்லை இது.

விளம்பரத்தில் ‘வின்டேஜ்’ என்று போட்டிருந்தால் அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, உருமாறாமல் இருக்கும் வண்டிதான் வின்டேஜ். அதற்குத் தனிப் பதிவு உண்டு, எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்; தினமும் கடைக்குப் போய்வர முடியாது. 1989 வண்டிக்கு அந்தத் தகுதி 2039-இல்தான் வரும்.

இனிக் காகிதம். பழைய வண்டியில் முதலீடு என்று ஒன்று இருந்தால் அது ஆர்.சி. புத்தகத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பவையும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். 2009-இல் சேலம் பக்கம் ஓர் எஸ்டி ரோட்கிங் வாங்கினேன். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. கிக்கரை உள்ளே அழுத்தி முன்னால் சாய்த்தால் அதுவே கியர் லீவராகும் அந்த அழகுக்கு மயங்கினேன். புதுப் பெயின்ட் கண்ணாடிபோல் மின்னியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வாளர் சேசிஸ் எண் இருக்கும் கழுத்துப் பகுதியில் உப்புத்தாளை வைத்து நாலு தேய் தேய்த்தார். பெயின்டுக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் எண்கள். மூன்றாவது எண் 8. அதன் வலப்பக்க வளைவுகள் ஆழமாகவும் ஒரே சீராகவும் இருந்தன. இடப்பக்கம் மட்டும் சிறு உளியால் கொத்தியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது. பிறந்தபோது அது 3. விற்றவரிடம் வண்டியைத் திருப்பி விட்டதில் பாதிப் பணம்தான் திரும்பியது.

அன்றிலிருந்து பென்சிலும் மெல்லிய தாளும் மண்ணெண்ணெய்த் துணியும் இல்லாமல் நான் வண்டி பார்க்கப் போவதில்லை. எண் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துத் தாளை ஒட்டிப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். எண்கள் வெள்ளையாக எழுந்துவரும். எழுத்துகளின் உயரமும் இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, ஏதாவது ஒன்று மட்டும் சாய்ந்தோ ஆழ்ந்தோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருந்தால் பேரம் பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

வெளிமாநில வண்டி மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து நிறைய வருகின்றன. பதிந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே பதிவு நடக்காது. வரியும் இங்கே தனியாகக் கட்ட வேண்டும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது, முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜினை நீங்களே உதையுங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி புகைவிடுவது இயல்பு. ஆனால் சூடான பிறகும் வெள்ளையாகக் கெட்டியாகப் புகை கொட்டி, கியர் ஆயில் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் ஏறி ஏறி இறங்கினால் மறுபக்கச் சீலைச் சந்தேகப்படுங்கள். பல வருடம் நின்ற வண்டியில் இவை காய்ந்து போயிருக்கும். இரண்டுக்கும் என்ஜினைப் பிரிக்கும்படிகூட ஆகலாம். ஆயில் பம்ப் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டுகிறார்கள். ஓட்டத்துக்குக் குறையில்லை, அசல் வண்டி தேடி வருகிறவர் விலையைக் குறைத்துவிடுவார். அசல் சைலன்சர், கார்புரேட்டர், மீட்டர், டூல் பாக்ஸ் மூடி வரைக்கும் இருந்தால் பெயின்ட் மங்கியிருந்தாலும் அந்த வண்டியையே எடுங்கள். மங்கிய அசல் பெயின்டுக்கு மதிப்பு கூடுகிற காலம் இது. தயவுசெய்து அதைச் சுரண்டிப் புதுசாக அடிக்காதீர்கள்.

பத்மினியை ஏன் வேண்டாம் என்கிறேன்? மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த, 1089 சி.சி. என்ஜினும் ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் தண்டும் கொண்ட அருமையான கார். 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சி ஓய்வு பெற்றபோது எனக்கும் மனம் கனத்தது. ஆனால் அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது; பாடியேதான் எலும்புக்கூடும். தரைத்தகடும் கதவுக்குக் கீழ்ப்பகுதியும் துருப்பிடித்தால் டிங்கர் வேலைக்கு எல்லையே இல்லை. கால்விரிப்பை விலக்கிவிட்டு ஓர் ஆணியால் தரைத்தகட்டைக் குத்திப் பாருங்கள், எத்தனை பத்மினிகளில் ஆணி உள்ளே இறங்குகிறது என்று தெரியும். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அதில் பாகம் கிடைப்பதுதான் பாடு. காருக்கு மூடிய கொட்டகை வேண்டும், நல்ல கைக்காரர் வேண்டும், பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் அதிகம். 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய், பைக்குக்கு 2,000. இரண்டு லட்சத்துக்கு வாங்கும் கார் இன்னும் இரண்டு லட்சம் கேட்கும்.

ஆர்.எக்ஸ். தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் கூட்டம் துரத்தாத வண்டியைப் பாருங்கள். என் மனதுக்குப் பட்டது, ஓசூரில் 1984 முதல் தயாரான இண்ட்-சுசுகி. இங்கே வந்த ஜப்பான் கூட்டு நூறு சி.சி. பைக்குகளில் முதலாவது அதுதான். முழுசாக நிற்கும் வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. விலை இன்னும் அந்த அளவுக்கு ஏறவில்லை. பாகத்துக்கு அலைய மனமில்லாதவருக்குப் புல்லட். திருவொற்றியூரில் 1956 முதல் செய்த வண்டி. வார்ப்பிரும்பு என்ஜினுக்கு இன்றும் பாகம் கிடைக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் என்ஜினுக்குள் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இம்மி நகர்த்திவிட்டு ஓர் உதை. இதைப் பழகிக்கொள்ளப் பொறுமை உள்ளவருக்குத்தான் அந்த வண்டி. ஒழுங்கானது உங்கள் ஒரு லட்சத்துக்குள் கிடைப்பது கடினம்.

வாங்கிய பிறகு நிறுத்திவைப்பதுதான் பெரிய கேடு. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாயை உப்பவைக்கும், டேங்கின் உள்ளே துருவைக் கிளப்பும். வாரம் ஒருமுறை பத்துக் கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை என்ஜினை ஓடவிட்டு அணையுங்கள்.

வரியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சொந்தமாக ஓட்டி அனுபவிக்கும் வண்டியை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகக் கொள்வதில்லை. அதை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வராது. ஓட்டாமல் லாபத்துக்கென்றே வாங்கி வைத்தாலோ, வாங்கி வாங்கி விற்றாலோ கதை வேறு. அப்போது ஆடிட்டரைப் பாருங்கள்.

இனி கோபி வண்டிக்கு வருவோம். முழுப் பணத்தையும் கொடுத்து வண்டியைத் தூக்கிவராதீர்கள். பெரியவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து ஒரு வாரிசின் பெயருக்கு ஆர்.சி. மாற வேண்டும். பிறகுதான் படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு. வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். விவரம் வரவில்லையென்றால் பழைய பதிவேட்டிலிருந்து கணினியில் ஏற்றும் வேலையும் இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்கத் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் பைக்குக்கு 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி சொல்கிறது. மூன்று வருடத் தாமதம் என்றாலே 10,800. உங்கள் வண்டிக்கு எந்த மாதத்திலிருந்து கணக்கு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அந்தத் தொகையையும் பசுமை வரியையும் 90,000-இலிருந்து கழித்துப் பேசுங்கள். 5,000 மட்டும் முன்பணமாகக் கொடுத்து, பெயர் மாற்றமும் புதுப்பித்தலும் முடிந்த பிறகே மீதி என்று தாளில் எழுதி, எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் மறுத்தாலும் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.