குந்தவை காதில் யார் பாட்டு?

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' ஆட்களை இன்றைய மதுரைக்குக் கூட்டிவந்து ஃபேன் ஃபிக்ஷன் எழுதுகிறேன். குந்தவை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதும் காதில் பி.டி.எஸ். பாட்டு. "அது உனக்குப் பிடிச்ச பாட்டுடி, குந்தவைக்கு இல்ல" என்கிறாள் தோழி. நான் செய்தது தப்பா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: தப்பில்லை தாயி. ஆனால் தோழி விவரமானவள், கதை எழுதி முடிக்கும்வரை சண்டை போட்டுவிடாதீர்கள். 2013-இல் கிளம்பிய கொரியப் பையன்களைக் குந்தவை தாராளமாகக் கேட்கட்டும். எதற்காகக் கேட்கிறாள் என்பதுதான் உங்கள் கதையில் இல்லை. கல்கியின் குந்தவை எதையும் சும்மா செய்கிறவள் அல்ல. தம்பியின் சேக்காளிகள் எந்நேரமும் எதைப் பேசுகிறார்கள் என்று பிடிபடுவதற்காகக் கேட்பாள். நாலே நாளில் ஏழு பேர் பெயரும் மனப்பாடமாகியிருக்கும். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற பாட்டு வேறு. அது எதுவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கதையில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

1980-களில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிந்து கொடுத்தவன் நான். வருகிறவர்கள் பாட்டுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். 60 நிமிஷ கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம், ஆறேழு பாட்டு அடங்கும். ஒரு ஏட்டய்யா வருவார். முறுக்கு மீசை, அவர் தலை தெரிந்தாலே கடையில் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். சீட்டைப் பிரித்தால் முழுக்க பி.சுசீலாவின் சோகப் பாட்டுகள். "கடைசியில எடம் கெடந்தா இத மறுக்காப் போட்டுருங்க" என்று ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். பாட்டின் பேரை வாய்விட்டுச் சொல்லவில்லை. மீசையைப் பார்த்து நீங்களோ நானோ அந்தச் சீட்டை எழுதியிருக்க மாட்டோம்.

ஆழ்வார்க்கடியானைக் கதையில் சேர்த்திருக்கிறீர்களா? அவரை 1991 தீபாவளிக்கு அனுப்பிப் பாருங்கள். 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்த தீபாவளி. வீரநாராயணபுரத்தில் சைவரோடு மல்லுக்கு நின்ற மனுஷன், டீக்கடையில் ரஜினியா கமலா என்று கைத்தடியை ஓங்காமல் இருப்பாரா? இரண்டுக்கும் இளையராஜாதான் இசை என்று யாராவது சொன்னாலும் அடங்க மாட்டார். ஆனால் அவர் சோழ முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். கத்துகிற கத்தலுக்கு நடுவே கடைக்கு யார் வந்தார், யார் போனார் என்று கண் எண்ணிக்கொண்டிருக்கும். நிஜமாகவே அவர் ரஜினி ரசிகரா, இல்லை கூட்டம் சேர்க்கத்தான் கத்தினாரா? எழுதும்போது எனக்கே ஆசை வருகிறது.

பூங்குழலிக்கு மட்டும் ஹெட்போன் மாட்டாதீர்கள். கோடிக்கரைக் கடலில் படகைத் தள்ளிக்கொண்டு தானே பாடுகிற பெண் அவள். கல்கியே பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

கேள்வி: என் கதை 1985-இல் நடக்கிறது. கல்லூரி மாணவன் ஒருவன் ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டை முணுமுணுக்கிறான். யாராவது கவனிப்பார்களா?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: நான் கவனித்துவிட்டேனே தம்பி. 'ரோஜா' வந்ததே 1992-இல். 1985-இல் இங்கே டீக்கடை, கல்யாண வீடு, திருவிழா எல்லாம் ராஜா ராஜ்ஜியம். வேண்டுமானால் உங்கள் பையனுக்கு ராஜா பாட்டே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவனை உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றி, ஸ்பீக்கருக்கு நேர் கீழே ஒரு சீட் பிடித்துக் கொடுங்கள்.