எச்சமும் முற்றும் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஏழெட்டு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. கல்யாணமாகி அமெரிக்கா வந்து பதினாறு வருடம் ஆகிறது. பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இப்போதுதான் தைரியம் வந்து பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். அக்யூபிளேசர் தேர்வு எழுதச் சொன்னார்கள். அந்த மதிப்பெண்ணைப் பார்த்து, அடிப்படை போதாதவர்களுக்கான டெவலப்மெண்டல் இங்கிலீஷ் வகுப்பில் போட்டுவிட்டார்கள். நான் பி.காம். முடித்தவள். இங்கே ‘பாராகிராஃப் என்றால் என்ன’ என்று ஆரம்பிக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.

முதல் கட்டுரை, ஓர் இடத்தை விவரிப்பது. துணி துவைக்கப் போகும் லாண்டிரோமேட்டைப் பற்றி எழுதினேன். தாள் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது. ஒன்பது இடத்தில் காமா ஸ்பிளைஸ், அதாவது முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காமா. ‘எ’, ‘தி’ போடுகிற ஆர்ட்டிகிள் பிழை பதினொன்று. இரண்டாவது கட்டுரையைப் பையனிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். அவன் சிரித்துக்கொண்டே திருத்தினான். எனக்கு மூளை மழுங்கிவிட்டதா? அடுத்த செமஸ்டருக்குள் ஒரு இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். எதைப் படிக்கலாம்? ஏஐயில் போட்டுத் திருத்திக்கொண்டால் தப்பா? சிவப்பு மையோடு அந்த முதல் கட்டுரையை இணைத்திருக்கிறேன். ஏதாவது தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

வி.

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் மன்னிப்பு கேட்டிருந்தீர்கள். இரண்டை வெட்டிவிட்டுத்தான் பிரசுரித்திருக்கிறேன். மூன்றாவதையும் வெட்டியிருக்கலாம்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மூளை மழுங்கவில்லை. ஏஐயில் போடலாமா என்றால், பையனிடம் கொடுத்ததும் அதுவும் ஒன்றுதான், அது சிரிக்காது என்பதைத் தவிர. அந்த இரண்டாவது கட்டுரையில் அவன் என்னென்ன திருத்தினான் என்று இப்போது உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. பணம் கட்டியது நீங்கள், பாடம் படித்தது அவன். அதுவும் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். இனி இதைச் செய்யாதீர்கள். கோபமாகவே சொல்கிறேன்.

அந்த வகுப்பில் போட்டது அவமானம் என்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் அங்கே அதே மாதிரி வகுப்பில் உட்கார்ந்தவன், எனக்கு அப்படிப் படவில்லை. ஆனால் கேள்வி கேட்க வேண்டிய விஷயம். அதற்குக் கட்டணம் உண்டு, பெரும்பாலும் பட்டத்துக்கான கிரெடிட்டில் சேராது. ஒற்றைத் தேர்வை வைத்து ஆளை வரிசையின் கடைசிக்கு அனுப்பலாமா என்று அமெரிக்காவிலேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. மேரிலாந்தில் பால்டிமோர் கவுண்டியின் கம்யூனிட்டி காலேஜில் 2007இல் ஒரு மாற்றைத் தொடங்கினார்கள். இப்படி ஒதுக்கப்பட்ட மாணவர்களை நேராக முதலாண்டு ஆங்கில வகுப்பிலேயே உட்காரவைத்து, அதே ஆசிரியர் கூடுதலாக ஒரு சின்னத் துணை வகுப்பும் எடுப்பது. கலிஃபோர்னியாவில் 2017இல் ஏபி 705 என்று சட்டமே வந்தது. நான்காண்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் ஆங்கிலப் பாடத்தை மாணவர் ஓராண்டுக்குள் முடிக்க வாய்ப்பு அதிகமாக இருக்கும்படிதான் வகுப்பு ஒதுக்க வேண்டும் என்றார்கள். நீங்கள் எந்த மாநிலம் என்று எழுதவில்லை. உங்கள் காலேஜில் இப்படித் துணை வகுப்போடு சேர்ந்த கோரெக்விசிட் வகுப்பு உண்டா என்று நாளைக்கே ஆலோசகரிடம் போய்க் கேளுங்கள். அழாமல் கேளுங்கள்.

சரி, சிவப்பு மைக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. என் சிறுகதை ஒன்றை ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். அவர் அனுப்பிய முதல் பக்கத்திலேயே என்னுடைய ஒரு வாக்கியம் ஐந்து துண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. இரண்டு வாரம் அவருடன் சண்டை போட்டேன். தோற்றுவிட்டேன். அந்தப் புண் ஆறுவதற்குள் உங்கள் கட்டுரை வந்து சேர்ந்தது. அதன் மூன்றாவது பத்தியில் இந்த வரி:

‘தி ஓல்டு மேன் கம்ஸ் எவ்ரி சண்டே, ஹி டேக்ஸ் குளோத்ஸ் ஃப்ரம் டிரையர், ஹி ஃபோல்ட்ஸ் ஹிஸ் வைஃப்ஸ் ஸ்வெட்டர் ஃபர்ஸ்ட், தென் ஒன்லி ஹி டச்சஸ் ஹிஸ் ஷர்ட்.’

ஒவ்வொரு காமாவுக்கு மேலும் ஒரு சிவப்பு வட்டம். இதையே தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, டிரையரிலிருந்து துணியை எடுத்து, முதலில் மனைவியின் ஸ்வெட்டரை மடித்துவைத்து, அப்புறம்தான் தன் சட்டையைத் தொடுவார்.’ எங்காவது இடறுகிறதா? வந்து, எடுத்து, மடித்துவைத்து, மூன்றும் வினையெச்சம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்திருப்பீர்கள். எச்சம் என்றால் மிச்சம். வினை முடியாமல் மிச்சமிருக்கிறது, காது அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. ‘தொடுவார்’ என்று முற்று வந்தபிறகுதான் வாக்கியம் இறங்கி உட்காருகிறது. யார், எப்போது, ஒருவரா பலரா என்பதையெல்லாம் அந்த ஒரே முற்று சுமக்கிறது. பத்து எச்சம் வைத்தாலும் நமக்கு வாக்கியம் ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் என்ன செய்தீர்கள்? எச்சம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் முற்றை வைத்துவிட்டீர்கள். கம்ஸ், டேக்ஸ், ஃபோல்ட்ஸ், டச்சஸ், நாலும் முற்று. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் எழுவாயும் கொடுத்துவிட்டீர்கள். ஆங்கிலக் கணக்கில் அது நாலு முழு வாக்கியம். உங்கள் காதில் ஓடுவதோ தமிழ், அங்கே வாக்கியம் இன்னும் முடியவில்லை. முடியாத இடத்தில் யாராவது முற்றுப்புள்ளி வைப்பார்களா? காமாதான் வைப்பார்கள். நீங்களும் வைத்தீர்கள். ஒன்பது இடத்திலும் இதே கதைதான், உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒன்பது பிழை இல்லை அம்மா, ஒரே பிழை ஒன்பது தடவை.

திருத்துவது எளிது. முதல் எழுவாயை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ‘ஹி’க்களைத் தூக்கிவிடுங்கள். கடைசி வினைக்கு முன்னால் ஓர் ‘ஆண்ட்’ போடுங்கள். அப்புறம் ‘தென் ஒன்லி’யை ‘ஒன்லி தென்’ என்று புரட்டிப் போடுங்கள். நம்முடைய ‘தான்’ சொல்லுக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுடைய ‘ஒன்லி’ முன்னால் நிற்கும். அவ்வளவுதான், காமாக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, சிவப்பு வட்டம் எல்லாம் போய்விடும். வாக்கியத்தை வெட்டக்கூட வேண்டாம். (என் மொழிபெயர்ப்பாளர் இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை.)

ஒரே விஷயத்தைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று தோன்றும். தொங்கத்தான் வேண்டும். 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரத்துப் பள்ளியை முடித்த எல்லோருக்கும் இடம் உண்டு என்று கதவைத் திறந்துவிட்டது. அங்கே சிட்டி காலேஜில் பாடம் எடுத்த மினா ஷாக்னசி, மாணவர்களின் முதல் கட்டுரைகளைப் பார்த்து, எங்கிருந்து தொடங்குவது என்றே புரியாமல் திகைத்து உட்கார்ந்திருந்ததைத் தானே எழுதியிருக்கிறார். அப்புறம் அவர் செய்ததுதான் பெரிய வேலை. ஏறக்குறைய 4,000 கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு பிழைகளை வகைபிரித்தார். ஒவ்வொரு பிழைக்குள்ளும் எழுதியவருடைய கணக்கு ஒன்று இருக்கிறது, அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்காமல் சிவப்பு மையால் சுழிப்பதில் பிரயோஜனமில்லை என்று 1977இல் ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்ற புத்தகத்தில் காட்டினார். அடுத்த வருடமே இறந்துபோனார்.

அவரைப் படிப்பதற்கு முன்பே நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வகுப்பு மாலை வகுப்பு. பக்கத்து இருக்கையில் ஒரு மெக்கானிக், ஐம்பது வயதிருக்கும், ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரியாதவர். ஒருநாள் அவரவர் கட்டுரையை அவரவரே வாசிக்க வேண்டும் என்றார் ஆசிரியை. மெக்கானிக் வாசித்தார். அவர் தாள் எனக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. அதில் ‘ஹி வாக்’ என்று இருக்கிறது, வாயில் ‘ஹி வாக்ட்’ என்று வருகிறது. தாளில் ‘ஹி ஓப்பன்’, வாயில் ‘ஓப்பன்ட்’. மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும் சரியாகவே வாசித்தார். மூன்றாம் முறை ஒரு பென்சிலைக் கொடுத்து, அதன் ரப்பர் முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே வாசியுங்கள் என்றார். நாலாவது வரியில் பென்சில் நின்றது. அவர் தலையைத் தூக்காமலேயே, யாரோ தன் தாளிலிருந்து எடுத்துப்போய்விட்ட மாதிரி, ‘இங்கே எட் இல்லையே’ என்றார்.

அடுத்து என் முறை. கணீரென்று வாசித்தேன். பென்சிலால் தொட்டும் வாசித்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆசிரியை காத்திருந்தார். என் கட்டுரையில் ஒரு ‘எ’யோ ‘தி’யோ கிடையாது, அதைச் சொல்லத்தான் காத்திருந்திருக்கிறார். அந்த மெக்கானிக்கின் வாயில் இருந்தது தாளில் இல்லை. எனக்கு இரண்டிலுமே இல்லை. என்னவென்று தட்டுப்படும்?

அதனால் ‘வாய்விட்டுப் படித்தால் பிழை தெரியும்’ என்று உங்கள் வகுப்பில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அது அந்த மெக்கானிக் மாதிரி ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கான மருந்து. ஆர்ட்டிகிளுக்கு நான் கண்டுபிடித்த வழி வேறு. நாம் கதை சொல்லத் தொடங்குவது எப்படி? ‘ஒரு ஊரில் ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு மூன்று பெண்கள்.’ முதலில் ‘ஒரு’. கேட்பவருக்கு ஆள் பழகியபின் ‘அந்த’. ‘எ’யும் ‘தி’யும் செய்கிற வேலையில் பாதி இதுதான். நாம் விட்டாலும் தமிழ் கோபித்துக்கொள்ளாது, ஆங்கிலம் கோபித்துக்கொள்ளும், அதுதான் வித்தியாசம். எழுதி முடித்தபின் பெயர்ச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக வட்டமிட்டு, ‘இது எதிராளிக்குத் தெரிந்த ராஜாவா, தெரியாத ராஜாவா’ என்று கேளுங்கள். உங்கள் பதினொன்றில் ஏழு இதிலேயே போய்விடும், எண்ணிப் பார்த்தேன். மீதி நாலு பழக்கத்தில்தான் வரும். எனக்கே இன்னும் இரண்டு வரவில்லை.

புத்தகம் கேட்டீர்கள். நூலகத்தில் கைக்குக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அகராதி மாதிரி வேண்டும்போது புரட்டுங்கள், முதலிலிருந்து கடைசிவரை எல்லாம் வேண்டாம். இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்துவதால் எழுத்து தேறுவதில்லை, எழுதிப் பழகும் நேரத்தை அது தின்றுவிடுவதால் கெடுதல்கூட வரலாம் என்று அமெரிக்காவின் தேசிய ஆங்கில ஆசிரியர் மன்றம் 1963இல் வெளியிட்ட ஆய்வறிக்கையே சொல்லிவிட்டது. நமக்கு அதற்கும் முந்தைய சாட்சி இருக்கிறது. இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரையில் வருகிற கதை. பன்னிரண்டு வருடப் பஞ்சம் ஓய்ந்து பாண்டியன் புலவர்களைத் தேடி ஆளனுப்புகிறான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைத்துவிடுகிறார்கள். பொருளதிகாரம் தெரிந்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதே பொருளுக்காகத்தானே, அது இல்லாவிட்டால் இவை கிடைத்தும் கிடைக்காத மாதிரிதான் என்று அவன் கவலைப்படுகிறான். அங்கே பொருள் என்றால் அகமும் புறமும் என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம், தெரியும்.

இப்போது உங்கள் பொருளைப் பாருங்கள். கட்டுரை ‘லாண்டிரோமேட் இஸ் வெரி யூஸ்ஃபுல் டு தி சொசைட்டி’ என்று தொடங்குகிறது. முதல் பத்தியில் மூன்று காரணம் சொல்வதாக வாக்குக் கொடுக்கிறீர்கள், அடுத்த மூன்று பத்தியில் ஒவ்வொன்றாகச் சொல்கிறீர்கள், ஐந்தாவதில் மூன்றையும் மறுபடி சொல்கிறீர்கள். ஐந்து பத்தி அச்சு. அந்த அச்சில் வார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், தேர்வுக்கு உதவும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொசைட்டிக்கு லாண்டிரோமேட் பயன்படும் என்று தெரிந்துகொள்ள உங்களிடம் ஏன் வர வேண்டும்? சில்லறை மாற்றும் இயந்திரத்துக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பெரியவருக்கு ஒரே வரி.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய பிரதியை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வரியின் ஓரத்தில், சிவப்பு வட்டங்களுக்குப் பக்கத்தில், உங்கள் ஆசிரியர் பென்சிலால் சின்னதாக ஒன்று எழுதியிருக்கிறார். ‘ஹூ இஸ் ஷி?’ ஒன்பது காமாவையும் பதினொரு ஆர்ட்டிகிளையும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறீர்கள். இதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தாள் முழுவதிலும் உங்களிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். மற்றதெல்லாம் அடையாளக்குறி.

எனக்கும் அதே கேள்விதான். அந்த அம்மாள் ஒருநாளாவது கூட வந்திருக்கிறாரா? வாராவாரம் ஒரே ஸ்வெட்டர்தானா? அது என்ன நிறம் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை துவைக்கத் துணி இல்லாவிட்டாலும் போய், ஓரமாக உட்கார்ந்து, அவர் மடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, பையனிடம் காட்டாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள்.