பால் மெஸ்கல்: வாசகர் கேள்விகளும் எமது பதில்களும்

அயர்லாந்து நாட்டின் இளம் திரைக்கலைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நடிகர் பால் மெஸ்கலைப் பற்றியே கேட்டிருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகர்: 'கிளாடியேட்டர் 2' படத்தைப் பார்த்துவிட்டு வந்த என் மகள் அவரைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். யார் இவர்? ஒரே படத்தில் உச்சிக்குப் போய்விட்டாரா?

ஒரே படத்தில் அல்ல. ரிட்லி ஸ்காட் இயக்கிய அந்தப் படம் 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தபோது மெஸ்கல் ஏற்கெனவே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவராகவும், லண்டன் நாடக உலகின் உயரிய விருதான ஒலிவியே விருதைப் பெற்றவராகவும் இருந்தார்.

அவர் 1996 பிப்ரவரி 2 அன்று பிறந்தவர். டப்ளினுக்கு மேற்கே, கில்டேர் மாவட்டத்தில் உள்ள மேனூத் என்னும் சிறு நகரத்தில் வளர்ந்தார். தாய் அயர்லாந்துக் காவல்துறையில் பணிபுரிந்தவர். தந்தை பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே நாடகங்களிலும் நடித்து வந்தவர். பள்ளியில் படிக்கும்போது 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' இசைநாடகத்தில் முகமூடி அணிந்த நாயகனின் வேடம் மெஸ்கலுக்குக் கிடைத்தது. பிறகு டிரினிட்டி கல்லூரியுடன் இணைந்து இயங்கும் லிர் அகாடமியில் நடிப்பு பயின்று 2017இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் டப்ளினின் கேட் தியேட்டர் அரங்கேற்றிய 'தி கிரேட் கேட்ஸ்பி' நாடகத்தில் கேட்ஸ்பியாகவே நடித்தார். அடுத்த மூன்று ஆண்டுகளும் பெரும்பாலும் மேடையில்தான் கழிந்தன. உலகம் அவர் பெயரை அறிந்தது 2020ஆம் ஆண்டில்தான்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்: அவர் கால்பந்து வீரராக இருந்தவர் என்று எங்கள் பகுதிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். உண்மையா? எந்த அணிக்காக ஆடினார்?

வீதிக்கு வீதி கால்பந்து ஆடும் வியாசர்பாடியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் மெஸ்கல் ஆடியது நீங்கள் அறிந்த கால்பந்து அல்ல, கேலிக் கால்பந்து என்னும் அயர்லாந்தின் சொந்த விளையாட்டு. ஓர் அணியில் 15 பேர் இருப்பார்கள். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், கையால் தட்டி அடுத்தவருக்குக் கொடுக்கவும் செய்யலாம். இரண்டு உயரமான கம்பங்களும் நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் கொண்ட கோலில் பந்து கட்டைக்குக் கீழே சென்றால் ஒரு கணக்கு, மேலே பறந்து சென்றால் வேறு கணக்கு.

இந்த விளையாட்டை நடத்தும் அமைப்பு 1884இல் தொடங்கப்பட்டது. டப்ளினில் எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் அமரக்கூடிய குரோக் பார்க் மைதானத்தில் இறுதிப் போட்டி நடக்கும்போதும், களத்தில் நிற்கும் வீரர்களுக்கு ஆட்டத்திற்கென்று சம்பளம் கிடையாது. ஆசிரியர்களும் விவசாயிகளும் வங்கி ஊழியர்களும் வேலை முடிந்து மாலையில் வந்து பயிற்சி எடுத்து, தம் மாவட்டத்திற்காக ஆடுகிறார்கள். மெஸ்கல் தற்காப்பு வீரராகக் கில்டேர் மாவட்டத்தின் இளையோர் அணியிலும் 21 வயதுக்குட்பட்டோர் அணியிலும் ஆடியவர். தாடையில் பட்ட காயம் ஒன்றுக்குப் பிறகு விளையாட்டை விட்டார்.

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. அவருக்குப் புகழ் தந்த 'நார்மல் பீப்பிள்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் நாயகன் பள்ளி அணியின் கேலிக் கால்பந்து வீரன். பந்தோடு ஓடும்போது அவர் உடல் எடுக்கும் திருப்பங்களில், நடிப்புக்காகப் புதிதாகக் கற்றுக்கொண்ட செயற்கைத்தன்மை கொஞ்சமும் தெரியாது.

அடையாறிலிருந்து ஒரு வாசகி: 'நார்மல் பீப்பிள்' தொடரை ஊரடங்குக் காலத்தில் பார்த்தேன். ஒரு காதல் கதைக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு?

சாலி ரூனியின் நாவலைத் தழுவிய அந்தப் 12 பகுதித் தொடர் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் வெளியானது. மக்கள் வீட்டுக்குள் முடங்கி, இன்னொரு மனிதரின் அருகாமைக்கு ஏங்கிக் கிடந்த வாரங்கள் அவை. அந்தக் காலச்சூழலுக்கும் வரவேற்பில் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் சூழலை மட்டும் காரணமாகச் சொல்வது மெஸ்கலுக்கும் உடன் நடித்த டெய்சி எட்கர்-ஜோன்ஸுக்கும் செய்யும் அநீதியாகும்.

மெஸ்கல் ஏற்ற கானல் என்னும் பாத்திரம், வீட்டுவேலை செய்யும் தாயின் மகன். படிப்பிலும் விளையாட்டிலும் முதல்வன். ஆனால் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவன். நண்பன் ஒருவன் தற்கொலை செய்துகொண்ட பிறகு, கானல் கல்லூரியின் மனநல ஆலோசகர் முன் அமரும் காட்சியை நினைவுகூருங்கள். கேமரா அவர் முகத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. முதலில் கேட்ட கேள்விகளுக்குச் சுருக்கமாகவும் ஒழுங்காகவும் பதில் சொல்கிறார். சொந்த ஊரை விட்டு வந்ததைப் பற்றியும், இங்கே தனக்கென்று ஒருவரும் இல்லை என்பதைப் பற்றியும் பேசத் தொடங்கியதும் வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன, மூச்சு அடைக்கிறது, அழுகை வந்ததற்காக வெட்கப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் பேச முயல்கிறார். அழுவதைவிட, அழாமலிருக்க அவர் படும் பாடுதான் நம்மை உலுக்குகிறது. 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா' என்று கேட்டே மகன்களை வளர்த்த நம் வீடுகளிலும் அந்தக் காட்சி தைத்ததில் வியப்பில்லை. இந்த வேடத்திற்காக 2021இல் பிரிட்டனின் பாஃப்டா தொலைக்காட்சி விருது அவருக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கானல் கழுத்தில் அணிந்திருந்த மெல்லிய வெள்ளிச் சங்கிலி இணையத்தில் பெரும் பேச்சானபோது, மெஸ்கல் தம்முடைய சங்கிலி ஒன்றைப் பரிசுக் குலுக்கலுக்குக் கொடுத்தார். அதில் திரண்ட எழுபதாயிரம் யூரோவுக்கும் அதிகமான தொகை, அயர்லாந்தில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் பியேட்டா அமைப்புக்குச் சென்றது. தொடர் எதைப் பற்றிப் பேசியது என்பதை உணர்ந்து செய்த செயல் அது.

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகர்: எந்தப் படத்திற்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்? விருது கிடைத்ததா?

ஷார்லட் வெல்ஸின் முதல் முழுநீளப் படமான 'ஆஃப்டர்சன்' படத்திற்காக. விருது கிடைக்கவில்லை, அந்த ஆண்டு அதைப் பெற்றவர் பிரெண்டன் ஃபிரேசர். 2023 மார்ச்சில் நடந்த அந்த விழா நமக்கும் நெருக்கமானது. நம் முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமின் பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிய குறும்ஆவணப்படம் விருது பெற்ற அதே மேடைதான் அது.

'ஆஃப்டர்சன்' கதை மிகச் சிறியது. மகளின் தாயைப் பிரிந்து வாழும் இளம் தந்தை, தன் 11 வயது மகளைத் துருக்கிக்கு விடுமுறைக்கு அழைத்துச் செல்கிறான். நீச்சல்குளம், கடல், விடுதி அறை, பாட்டு, சின்னச் சின்னக் கோபங்கள், அவ்வளவுதான். அந்தத் தந்தை உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தான் என்பது, அந்தப் பெண் வளர்ந்த பிறகு பழைய வீடியோக்களைத் திரும்பப் பார்க்கும்போது புரியத் தொடங்குகிறது. ஓரிடத்தில் அவன் கட்டில் விளிம்பில் அமர்ந்து குமுறி அழுகிறான். நமக்குத் தெரிவது முதுகு மட்டுமே. முகத்தைக் காட்டாமல், குலுங்கும் தோள்களாலும் முதுகாலும் மட்டுமே ஒரு மனிதன் முழுவதுமாக உடைவதைக் காட்ட முடியும் என்பதற்கு, அண்மைக் காலத்தில் இதைவிடச் சிறந்த சான்றை நான் பார்த்ததில்லை.

'கிளாடியேட்டர் 2' உலகெங்கும் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். அதில் அவர் குறை வைக்கவில்லை. ஆயினும் வாளும் கேடயமும் ஏந்திய அந்த வீரனைவிட, விடுதி அறையில் மகளிடம் தன் துயரத்தை மறைக்கும் இந்தத் தந்தையே மெஸ்கலின் உண்மையான உயரம் என்பது என் கருத்து. உங்கள் வீட்டில் யாரேனும் அவரைப் பற்றிக் கேட்டால் இந்தப் படத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகி: மெஸ்கலோடு சென்னையில் பிறந்த ஒருவர் நடித்தார் என்று கேள்விப்பட்டேன். சரிதானா?

மிகச் சரி. 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசயர்' நாடகத்தை ரெபெக்கா ஃபிரெக்னால் லண்டனின் அல்மெய்டா அரங்கில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் மேடையேற்றினார். ஸ்டான்லி என்ற முரட்டுக் கணவனாக மெஸ்கல் நடிக்க, அவன் மனைவி ஸ்டெல்லாவாக நடித்தவர் அஞ்சனா வாசன். சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சிங்கப்பூரில் வளர்ந்து, பிரிட்டனில் நாடகக் கலைஞராக நிலைபெற்றவர். 2023ஆம் ஆண்டு ஒலிவியே விழாவில் சிறந்த நடிகர் விருது மெஸ்கலுக்கும், சிறந்த துணை நடிகை விருது அஞ்சனாவுக்கும் கிடைத்தன. மெஸ்கலைப் பற்றி எழுதிய நம் ஊடகங்களில் பல அஞ்சனாவை ஒரு வரியில் கடந்துபோனது எனக்கு மிகுந்த வருத்தம்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: அவ்வளவு சிறிய நாட்டிலிருந்து இத்தனை நடிகர்கள் எப்படி வருகிறார்கள்?

2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 51 லட்சம். நம் சென்னைப் பெருநகரில் வாழ்வோரைவிடக் குறைவு. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து, 2023 ஆஸ்கர் விழாவில் நடிப்புக்கான 20 பரிந்துரைகளில் ஐந்தை அயர்லாந்துக்காரர்கள் பெற்றார்கள். காலின் ஃபாரெல், பிரெண்டன் கிளீசன், கெர்ரி காண்டன், பேரி கியோகன் ஆகியோருடன் மெஸ்கலும் அதில் ஒருவர். சிர்ஷா ரோனன் அதற்கு முன்பே நான்கு முறை பரிந்துரை பெற்றவர்.

இதற்குக் காரணம் மண்வாகு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நான் அதை ஏற்கவில்லை. 1904இல் தொடங்கிய அபே தியேட்டரும் 1928இல் தொடங்கிய கேட் தியேட்டரும் இன்றும் நாடகம் நடத்துகின்றன. ஊர்தோறும் சம்பளமில்லா நாடகக் குழுக்கள் இருக்கின்றன. மெஸ்கலின் தந்தையைப் போன்ற ஆசிரியர்கள் அங்கே நடிக்கிறார்கள், பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். அங்கு படம் எடுப்போருக்கு அரசு வரிச்சலுகையும் தருகிறது. பள்ளி மேடையிலிருந்து பயிற்சிக்கூடத்திற்கும், அங்கிருந்து தொழில்முறை அரங்கிற்கும், அரங்கிலிருந்து திரைக்கும் செல்ல ஒரு வழி தெளிவாகப் போடப்பட்டிருக்கிறது. திறமையுள்ள பிள்ளை நடுவழியில் காணாமற்போகும் வாய்ப்பு அதனால் குறைகிறது. நம்மிடமும் சிறுவர்களைப் பயிற்றுவித்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள் இருந்த காலத்தில் அப்படியொரு வழி இருந்தது. சிவாஜி கணேசன் அந்த வழியில் வந்தவர்தான்.

அம்பத்தூரிலிருந்து ஒரு தாய்: என் மகன் பொறியியல் முடித்துவிட்டு நடிக்கப் போகிறேன் என்கிறான். மெஸ்கலைத்தான் உதாரணம் காட்டுகிறான். நான் என்ன சொல்வது?

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. மகன் காட்டும் உதாரணத்தையே நீங்களும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மெஸ்கல் மூன்றாண்டு முறையாகப் பயின்றார், அதன்பின் மூன்றாண்டு மேடையில் உழைத்தார். அந்த ஆறு ஆண்டுகளுக்குத் தயாரா என்று உங்கள் மகனிடம் கேளுங்கள்.

தயார் என்றால், ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழு சென்னையில்தான் இருக்கிறது. பசுபதி, குரு சோமசுந்தரம், விமல் போன்றோர் உருவான இடம். விஜய் சேதுபதி அங்கே கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே நடிகர்களைக் கவனித்துக் கற்றுக்கொண்டவர். உங்கள் மகனும் ஒரு வேலையில் இருந்துகொண்டு மாலை நேரங்களில் ஏதேனும் ஒரு நாடகக் குழுவில் சேரட்டும். ஒத்திகைக்கு ஓராண்டு தவறாமல் சென்று வந்தால், இது ஆசையா தாகமா என்பது உங்கள் இருவருக்குமே தெரிந்துவிடும். வாய்ப்பு வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: அடுத்து என்ன படம்?

2025இல் வந்த 'ஹாம்நெட்' படத்தில் மகனை இழந்த ஷேக்ஸ்பியராக, ஜெஸ்ஸி பக்லியுடன் நடித்திருக்கிறார். டொரொன்டோ திரைப்பட விழாவில் பார்வையாளர் வாக்களித்துத் தரும் விருது அதற்குக் கிடைத்தது. பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றி சாம் மெண்டிஸ் எடுக்கும் நான்கு படங்களில் பால் மெக்கார்ட்னியாக வருகிறார். அவை 2028 ஏப்ரலில் வெளியாகும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் படம்பிடித்து முடிக்கத் திட்டமிட்டிருக்கும் 'மெரிலி வி ரோல் அலாங்' படத்திலும் மெஸ்கல் இருக்கிறார். அந்தப் படப்பிடிப்பு முடியும்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருக்கும்.