குரூப்பில் போட்டால் சொன்னதாகுமா?

கேள்வி: தேயிலை பேக்டரி ஆபீசில் வேலை செய்கிறேன். இலை வண்டி நேரம், ஷிப்ட் மாற்றம் எல்லாம் இப்போது வாட்ஸ்அப் குரூப்பில்தான். எல்லாரும் 'ஓகே' போடுகிறார்கள். மறுநாள் பாதிப் பேர் "தெரியாதே" என்கிறார்கள். குட் மார்னிங் படங்களுக்கு நடுவே சேதி தொலைகிறது, அட்மின் மட்டும் போடும்படி மாற்றிவிடலாம் என்கிறார் மேனேஜர். சரிதானா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மாற்றுங்கள் தங்கச்சி. 2018-ல் வந்த நல்ல வசதி அது. ஆனால் அதோடு வேலை முடியாது.

குன்னூர் பக்கம் பேக்டரிகளில் முப்பது வருடம் இருந்தவன் நான். ஒருநாள் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, "நாளை கீழ் ஷெட்டுக்கு வண்டி வராது, இலையை மேல் ஷெட்டுக்குக் கொண்டுவரவும்" என்று குரூப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். பள்ளத்து வீடுகளில் டவர் கிடைக்காது. மறுநாள் மதியம் வரை கீழே மூட்டைகள் காத்துக் கிடந்தன. ஒரு சாக்குக்குள் கையை விட்டேன். இறக்கிவைத்த சோற்றுப் பானை மாதிரி சுட்டது. பறித்த பிறகும் இலை மூச்சு விடும். அமுக்கிக் கட்டினால் அந்தச் சூடு உள்ளேயே ஏறி இலை சிவந்துவிடும். அப்புறம் எந்த டீமேக்கர் வந்தாலும் தேற்ற முடியாது. அந்த விவசாயிகளிடம், "குரூப்பில் போட்டேனே" என்றேன். அப்படிச் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பாருங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பெயர் பெயராக இருக்கும். படித்தவர்கள் பெயர்களில் இல்லாதவர்களுக்கு அன்றைக்கே போன் போடுங்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குக் குரல் பதிவு. ஜார்க்கண்ட் ஆட்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையே இந்தியில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். நேரமோ இடமோ மாறினால் 'ஓகே'யை ஏற்காதீர்கள். எந்த ஷெட், எத்தனை மணி என்று அவர்களே திருப்பிச் சொல்லட்டும்.

மேனேஜரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். முன்பு மேஸ்திரி ஆபீஸ் சேதியைக் கீழே கொண்டுபோவார். திரும்பி வரும்போது, "மேட்டுக் காட்டில் காட்டெருமை நிற்குது, இன்னிக்குப் பறிக்க முடியாது" என்று அங்கத்திய சேதியையும் கொண்டுவருவார். அட்மின் மட்டும் பேசும் குரூப்பில் அந்தப் பாதை அடைபட்டுப்போகும். அதனால், சாயங்காலம் இலை எடை போடும்போது பத்து நிமிடம் மேனேஜரைத் தராசுப் பக்கம் வந்து நிற்கச் சொல்லுங்கள், போனை ஆபீசிலேயே வைத்துவிட்டு.