தெருப் பொங்கல் வசூல் முழுக்க என் ஜிபே-க்கு வருகிறது, கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வி கேட்டவர் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர். தெருவில் அறுபது வீடு. பொங்கல் விழாவுக்கு வீட்டுக்கு 500 ரூபாய் என்று பேசி, "தம்பி நம்பருக்குப் போட்டுவிடுங்க" என்று எல்லாரும் அவருடைய எண்ணுக்கே அனுப்புகிறார்கள். சொந்தப் பணமும் விழாப் பணமும் ஒன்றாகக் கலந்து நிற்கிறது. யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதில் குழப்பம். பெரியவர்கள் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இதுதான் நிலைமை.

வசூலை அந்தக் கணக்கில் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கல்லூரி மாணவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு வங்கிக் கணக்கு. கல்வி உதவித்தொகை அதில்தான் வரும். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அதில்தான் ஏறும். வீட்டிலிருந்து தேர்வுக் கட்டணம் போடுவதும் அதிலேதான். இப்போது அறுபது வீட்டிலிருந்து வரும் பணத்தில் ஏதோ ஒன்று இணைய மோசடியில் கைமாறி வந்தது என்று வையுங்கள். ஏமாந்தவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் கொடுத்தால், பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அத்தனையிலும் வங்கி தடை போடும். சில நேரம் அந்தத் தொகையை மட்டும் பிடித்து வைப்பார்கள், சில நேரம் கணக்கு முழுவதையும் முடக்குவார்கள். நீங்கள் குற்றமற்றவர் என்று நிரூபித்து வெளியே வருவதற்குள் செமஸ்டர் கட்டணத்துக்கான கடைசித் தேதி போய்விடும்.

"தெருக்காரர்களிடம் மோசடிப் பணம் எப்படி வரும்?" என்று தோன்றும். வரும் வழி இதுதான். வசூலுக்குப் போகும்போது கையில் ரொக்கம் சேரும். டீக்கடையில் அறிமுகமில்லாத ஒருவர், "ரொக்கமா வெச்சிருக்கீங்களே, எனக்கு அவசரமா 3,000 வேணும், அதைக் கொடுங்க, நான் ஜிபே பண்ணிடறேன்" என்பார். உங்களுக்கும் வங்கியில் கட்டும் வேலை மிச்சம் என்று தோன்றும். ஒருபோதும் செய்யாதீர்கள். மோசடி செய்பவர்கள் பணத்தை ரொக்கமாக மாற்ற இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள். அதேபோல, "தவறுதலா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, திருப்பிப் போடுங்க" என்று யாராவது அழைத்தால் நீங்களே அனுப்பிவிடாதீர்கள். அவருடைய வங்கியில் முறையிடச் சொல்லுங்கள், உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பதற்றமாகப் பேசுகிறார், பாவமாக இருக்கிறது என்பதற்காக முறையை மாற்ற வேண்டாம்.

ஆகவே விழாவுக்கென்று தனிக் கணக்கு. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத சேமிப்புக் கணக்கு போதும். இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு ஒரு வங்கியில் வைத்திருந்தால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள விதி இடம் தராது, அதனால் வேறு வங்கிக்குப் போங்கள். முழு அடையாளச் சான்று கொடுக்காமல் திறக்கும் சிறு கணக்கும் உதவாது. அதில் ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1,00,000 ரூபாய், எந்த நேரத்திலும் இருப்பு 50,000, மாதத்துக்கு எடுப்பது 10,000 என்று வரம்பு உண்டு. பொங்கல் செலவு எல்லாம் ஒரே வாரத்தில் வரும் என்பதால் அந்தக் கடைசி வரம்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இருவர் பெயரில் கூட்டுக் கணக்காகத் திறப்பது நல்லது. நீங்கள் ஒருவர், தெருவில் எல்லாரும் மதிக்கும் பெரியவர் ஒருவர். விண்ணப்பத்தில் "இருவரில் எவரேனும்" இயக்கலாம் என்று குறித்தால் யுபிஐ வேலை செய்யும். "இருவரும் சேர்ந்து" என்று போட்டால் காசோலைக்கு இரண்டு கையெழுத்து கிடைக்கும், ஆனால் யுபிஐ கிடைக்காது. நாலு நாள் விழாவுக்கு முதல் வகையே நடைமுறைக்கு ஒத்து வரும், இரண்டாவது ஆளின் கண்காணிப்பை வேறு வழியில் கொண்டுவரலாம். விழா ஆண்டுதோறும் நடக்கும், தொகையும் பெரிதாகிறது என்றால் இளைஞர் மன்றமாகவே பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதன் பிறகு மன்றத்தின் பெயரிலேயே கணக்கு இருக்கும், பொறுப்பாளர் மாறினாலும் கணக்கு மாறாது.

அடுத்து, யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்கும் சிக்கல். கொடுப்பவர் பெயரை மட்டும் நம்பினால் கணக்கு நிற்காது. முப்பத்தேழாம் எண் வீட்டுக்காரர் முருகேசன், ஆனால் பணம் போட்டது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். வங்கி அறிக்கையில் மகன் பெயரும் பாதியில் வெட்டுப்பட்டு வரும். குறிப்புப் பகுதியில் வீட்டு எண் எழுதச் சொன்னாலும் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். எழுதியவர்களின் குறிப்பும் சில வங்கிகளின் அறிக்கையில் முழுதாக வராது. இதற்கு எளிய வழி பைசா. முப்பத்தேழாம் வீடு 500 ரூபாய் 37 பைசா அனுப்பட்டும், ஐந்தாம் வீடு 500 ரூபாய் 5 பைசா. எந்தச் செயலியிலும் பைசா சேர்த்து அனுப்பலாம். அறிக்கையில் பெயர் எப்படி வந்தாலும் தொகையே வீட்டைச் சொல்லிவிடும். துண்டுச்சீட்டில் கியூஆர் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கும்போது இந்தத் தொகையைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஐந்தாம் வீட்டுச் சீட்டில் "500.05" என்று பூஜ்யத்தோடு எழுத வேண்டும், இல்லையென்றால் 50 பைசா வந்து ஐம்பதாம் வீட்டுக் கணக்கில் ஏறும்.

ஸ்க்ரீன்ஷாட்டை ரசீதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போலியாகத் தயாரிக்கும் செயலிகள் உண்டு. மோசடி இல்லாவிட்டாலும் "நிலுவையில்" என்று நிற்பதைக் கவனிக்காமல் நல்ல மனசோடு அனுப்புபவர்களும் உண்டு. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனியாக வரும் பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணான யுடிஆரை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு, வரவு வந்திருந்தால் மட்டும் ரசீது போடுங்கள். "என் கணக்கில் கழிஞ்சிடுச்சு, உங்களுக்கு வரலையா?" என்று கேட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி இழப்பீடு தர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி என்று சொல்லுங்கள். உடனே இரண்டாம் முறை அனுப்பச் சொல்லாதீர்கள். கணக்கில் 500 ரூபாய் கூடுதலாக நிற்பதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

ரொக்கமாகத் தருபவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும். ஸ்மார்ட்போன் இல்லாத ஆயாவிடம் "பேரன் வந்ததும் அனுப்பச் சொல்லுங்க" என்று சொல்வது, இது உங்கள் விழா இல்லை என்று சொல்வதற்குச் சமம். வரிசை எண் அச்சிட்ட, கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். ஜிபே-க்கும் ரொக்கத்துக்கும் ஒரே வரிசை எண்தான், தனித்தனிப் புத்தகம் வேண்டாம். வசூலுக்கு இருவர் சேர்ந்தே போங்கள். கல்யாண வீட்டு மொய் மேசையைப் பாருங்கள். ஒருவர் நோட்டில் எழுதுவார், பக்கத்தில் இருப்பவர் பணத்தை எண்ணி வாங்குவார், எழுதிய தொகையை உரக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே பணம் பைக்குள் போகும். மதுரை, தேனிப் பக்கம் இப்போது கணினியில் மொய் எழுதி அங்கேயே ரசீது கொடுக்கிறார்கள், அங்கும் எழுதும் ஆளும் எண்ணும் ஆளும் வேறு வேறுதான். அதே முறையை வாசலில் நின்று செய்யுங்கள். அன்றன்று மாலை ரொக்கத்தை எண்ணி, மறுநாள் வங்கியில் கட்டிவிடுங்கள்.

வசூலான ரொக்கத்திலிருந்து நேரடியாகச் செலவு செய்யவே கூடாது. கணக்கு குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். கையில் 2,000 இருக்கிறது, கரும்புக் கட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், எடுத்துக் கொடுத்துவிடுவோம். ராத்திரி எண்ணினால் ரசீதுக்கும் கைக்காசுக்கும் பொருந்தாது, எது விட்டுப்போனது என்று நினைவும் வராது. சில்லறைச் செலவுக்கு 1,000 ரூபாய் முன்பணமாக ஒருவரிடம் கொடுத்து, துண்டுச்சீட்டுகளை அவர் ஒப்படைத்த பிறகு மீண்டும் 1,000 கொடுங்கள். மைக் செட், சீரியல் லைட், கோலப்போட்டிப் பரிசுக்கான சில்வர் பாத்திரம் போன்ற பெரிய செலவெல்லாம் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். பணம் அனுப்பும் முன் வாட்ஸ்அப் குழுவில் தொகையையும் யாருக்கு என்பதையும் போட்டு, அந்தப் பெரியவர் "சரி" என்று எழுதிய பிறகு அனுப்புங்கள். மைக் செட்காரர் மனைவி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் பெயர் வேறாக இருக்கும், அவரிடம் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விழா நெருக்கத்தில் புது போன் மாற்றாதீர்கள். புதிய கைபேசியில் யுபிஐ பதிவு செய்தால் குறைந்தது முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது.

கணக்கைக் கூகுள் ஷீட்டில் வையுங்கள்: தேதி, ரசீது எண், வீட்டு எண், தொகை, ரொக்கமா யுபிஐ-யா, யுடிஆர், வாங்கியவர் பெயர். திருத்தும் உரிமை இருவருக்கு மட்டும். பார்க்கும் உரிமையைத் தெருவுக்கே கொடுக்கலாம் என்று ஆசை வரும். நான் வேண்டாம் என்பேன். செலவுப் பக்கத்தையும் மொத்த வரவையும் எல்லாரும் பார்க்கட்டும், வீட்டுவாரியான பட்டியல் உங்கள் இருவரோடு நிற்கட்டும். முன்பெல்லாம் ஒரு வீடு 100 ரூபாய்தான் கொடுத்தது என்பது வசூலுக்குப் போனவருக்கு மட்டும் தெரியும். இன்று அது ஒரு நொடியில் அறுபது போனிலும் தெரியும். ஆஸ்பத்திரிச் செலவில் இருக்கும் வீடு, வேலை போன வீடு, கணவரை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர் என எல்லாத் தெருவிலும் இருப்பார்கள். "இன்னும் தராதவர்கள்" என்று குழுவில் பட்டியல் போடுவது பெரிய தவறு. அந்த வீட்டுப் பிள்ளைகள் உறியடிக்கு வரமாட்டார்கள். பந்தலில் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்து "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தவிடுவதும் இதே வகைதான், அந்தச் சத்தத்தை அணைத்து வையுங்கள். பாக்கி வைத்த வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய், "முடிஞ்சதைக் கொடுங்க அக்கா, இல்லாட்டியும் பரவாயில்லை, கோலப்போட்டிக்கு வந்துடுங்க" என்று சொன்னால் போதும்.

முடிவுக் கணக்கு எப்படி நிற்க வேண்டும் என்று பைசாவை விட்டுவிட்டு ஒரு மாதிரி சொல்கிறேன். யுபிஐ-யில் 41 வீடு, 20,500. ரொக்கமாக 14 வீடு, 7,000. முடிந்ததைக் கொடுத்த 5 வீடு, 700. ஆக வரவு 28,200. செலவு 26,350. மிச்சம் 1,850 இருக்க வேண்டும். வங்கி இருப்பு 1,610, கையில் 240 என்று இரண்டும் கூடி 1,850 வந்தால் கணக்கு சரி. 500 குறைந்தால் முதலில் உங்கள் வீட்டுப் பங்கைப் பாருங்கள். கணக்கு தன் பெயரில் இருப்பதால் காசாளர் தன் வீட்டுப் பணத்தை அனுப்பவே மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் வீட்டுக்கும் ரசீது கிழியுங்கள்.

விழா முடிந்து பத்து நாளுக்குள் கணக்கைத் தாளில் அச்சிட்டு, நாலு பேர் கூடும் இடத்தில் ஒட்டி, ஒரு மாலை எல்லாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். குழுவில் பிடிஎஃப் போட்டதோடு முடிந்தது என்று விட்டால், சந்தேகம் இருப்பவர் அதை உங்களிடம் கேட்க மாட்டார், பக்கத்து வீட்டில் பேசுவார். பில்களை ரசீதுப் புத்தகத்தோடு கட்டி அந்தப் பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள். மளிகைக் கடையிலும் பந்தல் கம்பத்திலும் ஒட்டிய கியூஆர் தாள்களை அன்றே கிழித்தெடுக்க வேண்டும். விழா முடிந்த பிறகு வரும் பணத்துக்கு யாரிடமும் கணக்கு இருக்காது, அதன் மேல் வேறொருவர் தன் கியூஆரை ஒட்டிவிடவும் இடம் உண்டு.