பையனின் கால்ஷீட்

வணக்கம் டீச்சர்,

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். மகனுக்குப் பதினொரு வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு சினிமா யூனிட் பழைய லயத்து வீடுகளைப் பார்க்க வந்தது. கோயில் திருவிழா நாடகத்தில் பையன் நடித்ததை யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். கூப்பிட்டு வசனம் பேச வைத்துப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. கதாநாயகனின் சிறு வயது வேடமாம். 400 கோடி ரூபாய் படம் என்று மேனேஜர் சொன்னார். இரண்டு மாத கால்ஷீட்டுக்கு 8,000 மலேசிய வெள்ளி, என் கணக்கில் போடுவார்களாம். ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வும் இப்போது இல்லை என்பதால் இரண்டு மாதம் பள்ளி விட்டுப்போனால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். மாமியார் மட்டும் "கூத்தாடிப் பிழைப்பு வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கமல், ஸ்ரீதேவி, மீனா எல்லாரும் சின்ன வயதில் நடித்து வந்தவர்கள்தானே? இவ்வளவு பெரிய படத்தில் நடித்தால் அவன் எதிர்காலத்துக்கு நல்லதுதானே? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

வணக்கம் தம்பி,

பெயரைப் போடவில்லை, தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன்.

முதலில் உங்கள் மாமியாருக்கு. நடிப்பு கேவலமான தொழில் இல்லை, அம்மா. பதினொரு வயதுப் பிள்ளை ஊர் முன்னால் நின்று கூச்சமில்லாமல் வசனம் பேசுகிறான் என்றால் நாம் சந்தோஷப்பட வேண்டும். அவன் நடிக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் தம்பி, படம் பெரியது என்பதால் பையனின் எதிர்காலமும் பெரிதாக இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். பட்ஜெட் பெரிதாவதால் ஒரு பிள்ளையின் பிற்கால வாழ்க்கைக்குத் தானாக எந்த நன்மையும் வந்துவிடுவதில்லை. வர வேண்டுமானால் ஒப்பந்தத்தில் நீங்கள்தான் எழுதி வாங்க வேண்டும்.

400 கோடி ரூபாய் என்பது ஏறக்குறைய 20 கோடி வெள்ளி. அதில் 8,000 வெள்ளி என்றால் 25,000இல் ஒரு பங்கு. மீதி எங்கே போகிறது? நம் பெரிய படங்களில் நாயகன் சம்பளமே ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். அப்புறம் செட், கிராபிக்ஸ், சண்டைக் காட்சிகள், கடனுக்கு வட்டி. படம் ஒரு மாதம் தள்ளிப்போனால் வட்டியும் ஒரு மாதம் ஏறும். பட்ஜெட்டைக் கூட்டிக்கொண்டே போகும் இந்த விஷயங்களில் குழந்தை நடிகர் எங்கும் இல்லை. ஹாலிவுட்டிலும் இதே கதைதான். 1990இல் வந்த 'ஹோம் அலோன்' படத்தின் செலவு 1 கோடியே 80 லட்சம் டாலர், உலக வசூல் 47 கோடி டாலருக்கு மேல். அந்தப் படமே மெக்காலே கல்கின் என்ற சிறுவனை நம்பித்தான் இருந்தது. அவனுக்குக் கொடுத்தது 1 லட்சம் டாலர். செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவன் இல்லாமல் இரண்டாம் படம் எடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு 45 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பதினான்கு வயதில் நடிப்பையே நிறுத்திவிட்டான். பெற்றோர் பிரிந்து நீதிமன்றத்தில் மோதிக்கொண்டார்கள், தன் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து அவர்கள் பெயரை நீக்க வேண்டிய நிலை அந்தப் பிள்ளைக்கு வந்தது.

இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. குழந்தை நடிகர்களுக்கான சட்டமே அதிலிருந்துதான் பிறந்தது. 1921இல் சார்லி சாப்ளின் எடுத்த 'தி கிட்' படத்தில் அவரோடு நடித்த ஜேக்கி கூகன், வளர்வதற்குள் 30, 40 லட்சம் டாலர் சம்பாதித்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து 30 லட்சம்! 1935இல் அப்பா கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய வரவு செலவைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரையே அம்மா மறுமணம் செய்துகொண்டார். இருபத்தொரு வயதில் ஜேக்கி தன் பணத்தைக் கேட்டபோது, சட்டப்படி அது பெற்றோருடையது என்று பதில் வந்தது. 1938இல் வழக்குப் போட்டார். கடைசியில் கையில் கிடைத்தது 1,26,000 டாலர். அதைப் பார்த்துத்தான் 1939இல் கலிபோர்னியா சட்டம் கொண்டு வந்தது. அதிலும் ஓட்டைகள் இருந்தன, 2000இல்தான் ஒழுங்காக அடைத்தார்கள். பிள்ளை சம்பாதித்தது பிள்ளைக்கே சொந்தம், மொத்தச் சம்பளத்தில் 15 விழுக்காட்டைத் தயாரிப்பாளரே பிள்ளையின் பூட்டிய கணக்கில் போட வேண்டும் என்பது இப்போதைய விதி.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பால்மரக் (ரப்பர்) காலத்தில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அம்மாவோடு பால் பிடிக்கும் மங்கு துடைத்தார்கள், ஒட்டுப்பால் உரித்தார்கள். செம்பனை வந்ததும் உதிரிப்பழம் பொறுக்கினார்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் அவர்கள் பெயர் கிடையாது, சம்பளம் அப்பா பேரில் வந்தது. வீட்டில் கஷ்டம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் "என் கணக்கில் போடுவார்களாம்" என்று நீங்கள் எழுதிய இடத்தைப் படித்ததும் எனக்கு அந்த செக்ரோல்தான் ஞாபகம் வந்தது. உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. வீட்டுக் கூரை ஒழுகும்போது, கார் தவணை நிற்கும்போது, நல்ல அப்பாவும் அந்தக் கணக்கில்தான் கை வைப்பார்.

கமல், ஸ்ரீதேவி, மீனா பற்றிக் கேட்டிருந்தீர்கள். கமல் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்தது 1960இல். தமிழில் பேர் சொல்லும் நாயக வேடம் 'அபூர்வ ராகங்க'ளில், 1975இல். நடுவில் பதினைந்து வருடம். டி.கே.எஸ். நாடகக் குழுவில் இருந்தார், நடன உதவியாளராக வேலை பார்த்தார். குழந்தை நட்சத்திரம் என்ற பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, அவர் புதிதாகத் தொழில் கற்றுக்கொண்டு வந்தார். ஸ்ரீதேவி 1969இல் 'துணைவன்' படத்தில் முருகனாக வந்த குழந்தை. 1976இல் 'மூன்று முடிச்சு' வெளிவந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது, அதற்குள் நாயகி. எவ்வளவு பெரிய கலைஞர் அவர்! ஆனாலும் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்தப் பதின்மூன்றை நினைத்தால் மனது ஒப்புவதில்லை. மீனா 'அன்புள்ள ரஜினிகாந்த்' (1984) படத்துச் சிறுமி, 'எஜமான்' (1993) படத்தில் அதே ரஜினிக்கு ஜோடி.

இந்த மூன்று பேரும் திரும்பி வந்தவர்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது. பழைய படங்களின் டைட்டிலில் 'பேபி', 'மாஸ்டர்' என்று ஓடும் மற்ற பெயர்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அதில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? 1988இல் வந்த 'சலாம் பாம்பே' படத்தில் நடித்துத் தேசிய விருது வாங்கிய ஷஃபீக் சையது, பிற்பாடு பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். நடிப்பை விட்டவர்கள் எல்லாரும் கஷ்டப்பட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்துக்காகத் தேசிய விருது பெற்ற கீர்த்தனா, நடிகையாகத் தொடராமல் மணிரத்னத்திடம் உதவி இயக்குநராகப் போனார். தானே விரும்பி விலகுவதும், யாரும் கூப்பிடாததால் விலகுவதும் ஒன்றில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கீ ஹுய் குவானின் கதை. உங்கள் பையனுக்கும் சொல்லுங்கள். சைகோனில் பிறந்து, அகதியாக அமெரிக்கா போன குடும்பம். நடிகர் தேர்வுக்குப் போன தன் தம்பிக்குத் துணையாகப் போனவனை, பிடித்து நடிக்க வைத்தார்கள். 1984இல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் படம், செலவு 2 கோடியே 80 லட்சம் டாலர், வசூல் 30 கோடிக்கு மேல். மறுவருடம் 'தி கூனீஸ்'. இரண்டும் பெரிய வெற்றி. அப்புறம்? வளர்ந்த ஆசிய முகத்துக்கு வேடமே வரவில்லை. அவர் கல்லூரியில் சினிமா படித்தார், 'எக்ஸ்மென்' (2000) படத்தில் சண்டைக் காட்சி அமைக்க உதவியாளராக இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் திரைக்குப் பின்னால். 2022இல் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' வந்தது. ஜோடியாக நடித்தவர் நம்ம ஈப்போவில் பிறந்த மிச்செல் இயோ. 2023இல் இரண்டு பேருக்கும் ஆஸ்கார். பெரிய ஸ்டூடியோ படங்களோடு வைத்துப் பார்த்தால் அது சின்னப் படம்தான். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அந்தப் படத்துக்கு குவானின் ஒப்பந்தத்தைப் பேசி முடித்த வழக்கறிஞர் ஜெஃப் கோஹன், 'தி கூனீஸ்' படத்தில் குவானோடு நடித்த குண்டுப் பையன். நடிப்பு நின்றதும் சட்டம் படித்திருக்கிறார். இரண்டு பேரையும் காப்பாற்றியது அவர்கள் விட்டுவிடாத படிப்பு.

அதனால் யூபிஎஸ்ஆர் 2021இல் போய்விட்டது, இரண்டு மாதம் விட்டால் பரவாயில்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். தேர்வுதான் போயிருக்கிறது, பின்னமும் தசமமும் போகவில்லை. ஐந்தாம் ஆண்டுக் கணக்கில் விட்ட இடத்தைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம், வகுப்பில் நின்று பார்த்தவள் சொல்கிறேன். கலிபோர்னியாவில் ஒன்பதிலிருந்து பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளை, பள்ளி நாளில் ஐந்து மணி நேரம்தான் நடிக்கலாம், மூன்று மணி நேரம் அங்கேயே பாடம் படிக்க வேண்டும். அதற்கென்று ஆசிரியர் படப்பிடிப்புத் தளத்திலேயே இருப்பார். பெரிய பட்ஜெட் படத்தில் ஒரு நாள் தாமதம் என்றால் பெரும் பணம். சட்டமோ எழுதிய ஒப்பந்தமோ இல்லாத இடத்தில் "இன்னும் ஒரே ஒரு ஷாட் தம்பி" என்று இரவு வரை இழுப்பார்கள். அந்தத் தாமதத்தின் விலையைப் பிள்ளையின் தூக்கம் கொடுக்கும்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் குழந்தைகள், இளையோர் வேலைச் சட்டப்படி, பதினைந்து வயதுக்கு உட்பட்டவரைப் பொழுதுபோக்கு நிகழ்ச்சியில் ஈடுபடுத்த உரிமம் வேண்டும். வேலை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பள்ளிக்குப் போகும் நாளில் பள்ளி நேரத்தையும் சேர்த்து ஏழு மணிதான். உரிமம் எடுத்தீர்களா என்று மேனேஜரைக் கேளுங்கள். விழித்தால் தொழிலாளர் துறையில் விசாரியுங்கள். சென்னைக்காரர்களுக்கும் இது புதிதாக இருக்காது. இந்தியாவில் 2017 விதிகளின்படி ஐந்து மணி நேரம்தான், தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பேரில் வைப்பாகப் போக வேண்டும். அந்த விதி சுங்கை சிப்புட்டில் செல்லுமா என்று வாதம் செய்ய வேண்டாம். "ஊரில் கொடுப்பதை இங்கேயும் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள், போதும். இன்னொன்று, வெளிநாட்டுப் படங்கள் இங்கே செலவிடும் தொகையில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் திட்டம் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸிடம் இருக்கிறது. அதற்குத் தகுதி பெற நினைப்பவர்கள் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே ரொக்கமாக, வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பணத்தில் பாதியையாவது பையன் பேரில் பூட்டிவிடுங்கள் என்பது என் ஆசை. தொகை சின்னது, நிரந்தர வைப்பே போதும். பிற்பாடு பெரிதானால் அமானா ராயா போன்ற அறங்காவல் நிறுவனத்தைப் பார்க்கலாம். 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008) எடுத்தவர்கள் அந்தச் சேரிப் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை வைத்து, வீடும் படிப்புச் செலவும் கொடுத்து, ஒரு தொகையைப் பதினெட்டு வயதில் எடுக்கும்படி வைத்தார்கள். படத்தின் செலவு 1.5 கோடி டாலர்தான். சின்னப் படத்தில் முடிந்தது 400 கோடிப் படத்தில் முடியாதா?

விட்டுப்போன காட்சிகளை எடுக்க, பேட்ச் ஒர்க்குக்கு என்று மறுபடி கூப்பிட்டால் பள்ளி விடுமுறையில்தான் வருவான், அதற்குத் தனிச் சம்பளம் என்றும் எழுதச் சொல்லுங்கள். பெரிய படங்கள் இழுத்துக்கொண்டே போகும், பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடுவான். அவன் குரலையே வைப்பார்களா, வேறு யாரையாவது டப்பிங் பேச வைப்பார்களா என்பதையும் கேளுங்கள். தன் குரல் திரையில் இல்லை என்று தியேட்டரில் உட்கார்ந்து தெரிந்துகொள்வது பிள்ளைக்குப் பெரிய அடி.

படம் வந்து ஓய்ந்த பிறகு அவன் திரும்ப அதே வகுப்புக்குத்தான் வருவான். பெருமையாகப் பேசுவார்கள், பொறாமையில் சீண்டுவார்கள், அடுத்த போன் வரவில்லையா என்று கேட்டுக் குத்துவார்கள். 1999இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நடித்த ஜேக் லாய்டு, பள்ளியில் பட்ட கேலியால் நடிப்பையே விட்டதாகப் பின்னாளில் சொன்னார். அந்தப் படத்தின் செலவு 11.5 கோடி டாலர். வகுப்பாசிரியரிடம் இதை முன்னாலேயே பேசி வையுங்கள். நம்ம பள்ளிகள் சின்னவை, ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும், விட்ட பாடத்தையும் எடுக்க முடியும்.

அவனுக்கு நடிப்பு நிஜமாகவே பிடித்திருந்தால் இந்தப் படம்தான் ஒரே வாசல் என்று நினைக்காதீர்கள். 2015இல் நம் நாட்டிலேயே சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' படத்தின் நடுநாயகம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் ஒரு சிறுவன்தான். மறுவருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு, அவனுக்கு இதில் ஆசை இருக்கிறதா, நமக்காகத் தலையாட்டுகிறானா என்று நீங்களும் மனைவியும் அவனிடமே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லார் கருத்தும் இருக்கிறது, அவன் கருத்து மட்டும் இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். ஈப்போவில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார், கட்டணம் கேட்காமல் படித்துச் சொல்வார். மேனேஜர் அவசரப்படுத்தினால் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். தலைமையாசிரியரை நாளைக்கே போய்ப் பாருங்கள், பள்ளி விடுமுறைத் தேதிகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு கால்ஷீட் பேசலாம்.